போகப்போக மெதுவாகும் இன்டிசைன் ஸ்கிரிப்ட்

கேள்வி: 400 பக்க நாவலை இன்டிசைனில் வடிவமைக்கிறேன். எண் மட்டும் உள்ள பத்திகளுக்கு அத்தியாய ஸ்டைல் போட ஒரு ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன். தொடக்கத்தில் வேகமாக ஓடுகிறது, போகப்போக நகரவே மாட்டேன் என்கிறது. புதுக் கணினி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். ‘போகப்போக’ என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். லூப்புக்குள் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) “இத்தனையாவது பத்தி” என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அது எங்கே இருக்கிறது என்று இன்டிசைன் புதிதாகத் தேடுகிறது. நாவல் முழுவதும் ஒரே ஸ்டோரியாக, அதாவது பக்கம் பக்கமாகத் தொடரும் ஒரே உரையாக இருந்தால், பின்னால் போகப்போக அந்தத் தேடலும் நீளும். உங்கள் கணக்குகளை ஜாவாஸ்கிரிப்ட் நொடியில் முடித்துவிடும். நேரத்தைத் தின்பது இன்டிசைனிடம் கேட்டுக் கேட்டு வாங்குவதுதான்.

ஆகவே கேட்பதைக் குறையுங்கள். ‘எவ்ரிஐட்டம்’ வழியாகக் கேட்டால் எல்லாப் பத்திகளின் உள்ளடக்கமும் ஒரே அழைப்பில் பட்டியலாக வந்துவிடும். பத்திகளையே கையாள வேண்டுமானால் அதோடு ‘கெட்எலிமென்ட்ஸ்’ சேர்த்து ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். எழுத்தைச் சேர்ப்பதோ நீக்குவதோ இருந்தால் மட்டும் கடைசிப் பத்தியில் தொடங்கி முதல் பத்தியை நோக்கி வாருங்கள்; இல்லையென்றால் இடங்கள் நகர்ந்து வேறு வரியில் கை வைத்துவிடும்.

உண்மையில் உங்கள் வேலைக்கு லூப்பே தேவையில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை எண்கள் மட்டும் உள்ள பத்தியை கிரெப்பில் (எழுத்து அமைப்பை வைத்துத் தேடும் வசதி) தேடி, மாற்றும் பகுதியில் பத்தி ஸ்டைலைக் கொடுத்தால் இன்டிசைனே ஒரே மூச்சில் முடித்துவிடும். நான் முதலில் இதைத்தான் செய்வேன். தேடலுக்கு முன்னும் பின்னும் பழைய தேடல் அமைப்புகளை அழித்துவிடுங்கள்.

லூப் தவிர்க்க முடியாத வேலைகளில் ‘எனேபிள்ரீட்ரா’வை அணைத்து வையுங்கள், திரையை வரையும் நேரம் மிச்சம். கோப்பில் பிழைகளைத் தேடிக்கொண்டே இருக்கும் ப்ரீஃப்ளைட்டையும் அணைக்கலாம். முக்கியமாக, முழு வேலையையும் ஸ்கிரிப்டை ஓட்டும் ‘டூஸ்கிரிப்ட்’ கட்டளைக்குள் போட்டு, அன்டூ முறையாக ‘என்டயர் ஸ்கிரிப்ட்’ கொடுங்கள். ஆயிரக்கணக்கான அன்டூ படிகள் ஒன்றாகிவிடும். ‘ஃபாஸ்ட்’ என்று தொடங்கும் இன்னொரு அன்டூ முறை இன்னும் வேகமானது. ஆனால் நடுவில் பிழை வந்தால் பழைய நிலைக்குத் திரும்புவது உறுதியில்லை, ஆகவே கோப்பின் நகலில் மட்டும் ஓட்டுங்கள்.

எந்த வரி நேரம் எடுக்கிறது என்பதை ஊகிக்காதீர்கள். எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட்டில் (இன்டிசைன் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் வடிவம்) உள்ள ‘ஹைரெஸ்டைமர்’ முந்தைய அழைப்பிலிருந்து கடந்த நேரத்தை மைக்ரோ நொடியில் சொல்லும். சந்தேகப்படும் வரிக்கு முன்னும் பின்னும் அதை வைத்துப் பாருங்கள்.