பழைய ஸ்போர்ட்ஸ் காரை ரெஸ்டோர் செய்யும்போது ஒரிஜினலாகவே விடுவதா, மாற்றங்கள் செய்யலாமா?

அந்தக் காரில் தொழிற்சாலையில் போட்டது இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது? அதைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வாங்கிய கையோடு பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் பலர் இந்தக் கேள்வியையே கேட்கிறார்கள். அதற்குள் விஷயம் பாதி கைமீறிப் போயிருக்கும்.

ஷோரூமிலிருந்து இறக்கியது மாதிரி பளபளவென்று ஆக்கிவிட்டால் அது ஒரிஜினல் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பெயின்ட் புதுசு, சீட் தோல் புதுசு, வயரிங் புதுசு என்றால் ஒரிஜினல் எங்கே இருக்கிறது? அச்சு அசலாகச் செய்திருந்தாலும் அது நேற்றுச் செய்த வேலைதான். பழைய காரின் பானெட்டைத் தூக்கி, தகடும் தகடும் சேரும் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஸ்பாட் வெல்டிங் வைத்த சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள் வரிசையாகத் தட்டுப்படும். எலெக்ட்ரோடு அழுத்திய தடம் அது. டிங்கரிங்கில் அழகுக்காக அதன் மேல் பட்டி பூசித் தேய்த்துவிட்டால் விளிம்பு வழவழவென்று இருக்கும், தடம் போயே போய்விடும். கார்பெட்டுக்கு அடியிலும் டிக்கி மூடியின் உள்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் முதல் பெயின்ட்டும் அப்படித்தான், எத்தனை காசு கொடுத்தாலும் திரும்ப வராது.

பளபளப்புக்குப் பேர்போன, அமெரிக்காவின் பெபிள் பீச் பழைய கார் கண்காட்சியே இந்தப் பக்கம் வந்துவிட்டது. 2024-ல் அங்கே முதல் பரிசு வாங்கியது, ரெஸ்டோர் செய்யாமல் அப்படியே காப்பாற்றி வைத்திருந்த 1934 புகாட்டி டைப் 59. அப்படிப்பட்ட ஒரு காருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே முதல் பெயின்ட், முதல் என்ஜின், முதல் சீட் எல்லாம் ஓரளவு இருக்கிற காரென்றால் என் பதில்: துருவை நிறுத்துங்கள், ஓடும்படி செய்யுங்கள், மற்றபடி கை வைக்காதீர்கள்.

ஆனால் பெரும்பாலான கார்கள் அப்படி வருவதில்லை. என்ஜின் மாறியிருக்கும், மூன்று தடவை பெயின்ட் அடித்திருப்பார்கள். அதைப் பழைய கேட்டலாக் பார்த்து ஸ்க்ரூ ஸ்க்ரூவாக ஒரிஜினல் ஆக்குவதற்குப் பதில், நன்றாக ஓடுகிற காராக ஆக்குவதுதான் நியாயம் என்பேன். முதலில் பிரேக். அறுபதுகளின் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் நேராகத் தரைக்குப் போகும், ஹேண்ட்பிரேக் மட்டுமே மிச்சம். ஒரு பாதி போனாலும் மறுபாதி பிடிக்கிற இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) போடுவதை எந்த ஒரிஜினல் பிரியர் குறை சொன்னாலும் நான் கேட்க மாட்டேன். என்ஜினின் மேல்மூடியான ஹெட் வார்ப்பிரும்பில் உள்ள எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில், ஹெட்டைக் கழற்றுகிற சமயத்திலேயே கடினப்படுத்திய வால்வ் சீட் (வால்வ் வந்து உட்காரும் வளையம்) போட்டுவிடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்த ஈயம்தான் வால்வ் சீட் தேயாமல் காத்தது, இன்றைய பெட்ரோலில் அது இல்லை. ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பழைய பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் அது டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியே தெரியாது.

கியர்பாக்ஸ்தான் கொஞ்சம் சிக்கல். 1961-ல் வந்த ஜாகுவார் இ-டைப்பில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, 1964-ல் 4.2 லிட்டர் என்ஜினோடுதான் எல்லா கியருக்கும் வந்தது. பழைய பாக்ஸைப் பழகி ஓட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது, அதனால் நான் மாற்றமாட்டேன். தினம் ஓட்டுகிறவர் ஐந்து கியர் பாக்ஸ் போட்டால் அதையும் தப்பென்று சொல்லமாட்டேன். காரின் உடம்பை வெட்டாமல் பொருத்த முடிகிறதா என்பதுதான் என் கேள்வி. போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் இன்னொரு தரம் யோசியுங்கள். கழற்றிய பழைய பாகத்தில் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, எண்ணெய் தடவி, பெட்டியில் பத்திரமாக வையுங்கள். காரை விற்கும்போது பெட்டியும் கூடவே போகட்டும்.

செய்த மாற்றத்தை எழுதி வைப்பதும் முக்கியம். 1929, 1930 இரண்டு வருஷமும் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த பென்ட்லி 'ஓல்ட் நம்பர் ஒன்' காரை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு என்ஜின், பாடி எல்லாம் மாறிப்போனது. அது அதே கார்தானா என்று வாங்க ஒப்புக்கொண்டவர் தகராறு செய்ய, 1990-ல் லண்டன் நீதிமன்றம் வரை போனது. ஒரிஜினல் என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஓல்ட் நம்பர் ஒன் என்ற பெயருக்கு உரிய கார் இதுதான் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கார் என்றுமே முழுசாகக் கலைக்கப்பட்டு மறைந்துபோகவில்லை, அதன் வரலாறு அறுபடாமல் வந்தது என்பதுதான் அதைக் காப்பாற்றியது.

ஒன்றே ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வேறு என்ஜினைப் போட்டு, அதன் நம்பரைத் தேய்த்து அழித்து, காரின் ரெக்கார்டில் இருக்கிற பழைய நம்பரைக் குத்துவது. அது ரெஸ்டோரேஷனும் இல்லை, மாடிஃபிகேஷனும் இல்லை, அடுத்து வாங்கப்போகிறவரை ஏமாற்றுவது. உங்கள் காரில் என்ஜின் மாறியிருந்தால், மாறியது என்றே எழுதி வையுங்கள்.