மடக்கு சைக்கிளில் நெடும்பயணம் போக முடியுமா? எதை வாங்குவது, என்னென்ன மாற்றுவது?

சென்னையில் சிறிய வீடு, பெரிய சைக்கிளை நிறுத்த இடமில்லை, மடக்கு சைக்கிள் ஒன்று வாங்கி அதிலேயே பல நாள் பயணமும் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். நான் ஆறு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் கடையில் நிற்கிற கோலத்திலேயே எடுத்துக்கொண்டு கிளம்பினால் முதல் மேட்டிலேயே வெறுத்துப்போவீர்கள். வீட்டிலிருந்து ரயில் நிலையம், அங்கிருந்து அலுவலகம் என்று ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி அது.

மடித்தால் எவ்வளவு சிறிதாகும், எத்தனை நொடியில் மடியும் என்றுதான் வாங்குபவர்கள் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். நீங்கள் சக்கரத்தைப் பாருங்கள். என் முதல் பயணத்தில் நண்பரிடம் 16 அங்குலச் சக்கரமுள்ள சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து இராமேஸ்வரம் கிளம்பினேன். முத்துப்பேட்டைக்கு முன்னால் கண்ணாடித் துண்டு ஏறி டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. ஊருக்குள் மூன்று கடைகளில் 16 அங்குல டயர் இருந்தது, மூன்றும் சேரவில்லை. குழந்தைகள் சைக்கிளின் 16 அங்குல ரிம் 305 மி.மீ. விட்டம், என்னிடம் இருந்த சைக்கிளின் ரிம் 349 மி.மீ. இரண்டையும் 16 அங்குலம் என்றே சொல்கிறார்கள். சென்னையிலிருந்து டயர் வந்து சேரும்வரை இரண்டு நாள் அங்கேயே தங்கினேன்.

ஆகவே 20 அங்குலம் வாங்குங்கள், அதிலும் 406 மி.மீ. ரிம் உள்ளதாக. டயரின் பக்கவாட்டில் 47-406 என்பது போல அச்சிட்டிருக்கும்; முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம். 451 என்று இருந்தால் வாங்காதீர்கள். அதுவும் 20 அங்குலம்தான், ஆனால் மெல்லிய டயர். சிற்றூர்களில் கிடைப்பது அரிது. 406 அளவு டயரும் டியூபும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். தரம் சுமாராக இருந்தாலும் அடுத்த பெரிய ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். டியூபில் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போன்ற வால்வு இருக்கட்டும், பெட்ரோல் பங்க்கிலேயே காற்று பிடித்துக்கொள்ளலாம்.

சிறிய சக்கரம் மெதுவாகத்தான் ஓடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். வேகம் கியரைப் பொறுத்தது. சிறிய சக்கரத்தின் உண்மையான குறை வேறு: பெரிய சக்கரம் தாண்டிவிடுகிற பள்ளத்தில் இது இறங்கி ஏறும். 1962-இல் இங்கிலாந்தில் அலெக்ஸ் மோல்டன் சிறிய சக்கரச் சைக்கிளைக் கொண்டுவந்தபோது ரப்பர் சஸ்பென்ஷனையும் சேர்த்தே வைத்தது இதனால்தான். நமக்கு எளிய வழி அகலமான டயர். 47 மி.மீ. அகலம் போட்டு, காற்றை 50-லிருந்து 60 பி.எஸ்.ஐ.க்குள் வைத்தால் கையும் முதுகும் தாங்கும்.

அடுத்தது கியர். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். என் சைக்கிளில் எட்டு கியர். பின்னால் 11 பல்லிலிருந்து 32 பல் வரை, முன்னால், பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம் ஒன்றே ஒன்று, 52 பல். மிக எளிதான கியரில்கூட பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய 2.5 மீட்டர் போய்விடும். சமதளத்தில் சுகம். பத்து கிலோ சுமையோடு மலை ஏறும்போது முழங்கால் போய்விடும். அந்த முன் பல்சக்கரத்தை 38 பல்லாக மாற்றினேன். இப்போது ஒரு சுற்றுக்கு சுமார் 1.8 மீட்டர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் உச்ச கியரில் மணிக்கு 25 கி.மீ. கிடைக்கிறது, சுமையோடு அதற்கு மேல் எனக்கு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. வாங்கும்போது முன் பல்சக்கரம் போல்ட்டால் மாட்டப்பட்டதா, ரிவெட் அடித்ததா என்று குனிந்து பாருங்கள். ரிவெட் அடித்திருந்தால், பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். பல்சக்கரத்தைச் சிறிதாக்கினால் செயினிலும் சில கண்ணிகளைக் கழற்ற வேண்டும்.

அந்த 38 பல்லோடுதான் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் உட்கார்ந்தபடியே ஏறினேன். இறங்குவதில்தான் கவனம் தேவைப்பட்டது. சிறிய ரிம்மில் உலோகம் குறைவு, பிரேக் கட்டை உரசும்போது விரைவில் சூடேறுகிறது. ரிம் மிகச் சூடானால் டியூப் வெடிக்கலாம். பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிட்டுப் போனேன். மலைப்பயணமே உங்கள் விருப்பம் என்றால் டிஸ்க் பிரேக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

சுமையை எங்கே வைப்பது என்பதில் நானும் தவறு செய்தேன். ஹேண்டில்பாரில் ஐந்து கிலோ பையைத் தொங்கவிட்டேன். மடக்கு சைக்கிளின் ஹேண்டில் கம்பு நீளமானது, அடியில் ஒரு கீலும் உண்டு. இறக்கத்தில் முன்பக்கம் முழுவதும் நடுங்க ஆரம்பித்துவிட்டது. முன்பை, சைக்கிள் சட்டத்தின் முன்முனையிலுள்ள கழுத்துக் குழாயில் திருகப்படும் தாங்கியில் உட்கார வேண்டும். அப்படி வைத்தால் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பாது, நடுக்கமும் இல்லை. பின்கேரியரில் பெரிய பைகளை மாட்டினால் குதிகால் இடிக்கும். பெரிய சைக்கிளின் முன்சக்கரத்துக்கென்று விற்கும் சிறிய பைகளை வாங்கி, முடிந்தவரை பின்னால் தள்ளி மாட்டுங்கள். கேரியர் சக்கரத்தின் உயரத்தில்தான் இருக்கும் என்பதால் சுமை தாழ்வாக அமையும், வண்டி நிலையாக நிற்கும். ஆளும் சுமையும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதைக் கையேட்டில் படியுங்கள். பிராம்ப்டன் என்ற இங்கிலாந்து மடக்கு சைக்கிளின் 16 அங்குல வகைக்கு அது 110 கிலோ.

பிராம்ப்டன் என்றதும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு கச்சிதமாக மடிவது அரிது. அந்த 16 அங்குல வகையின் ரிம்மும் 349 என்பதால் உதிரி டயரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். பணம் இருந்தால், நெடும்பயணத்துக்கென்றே செய்யப்படுவது அமெரிக்காவின் யூஜீன் நகரில் தயாராகும் பைக் ஃப்ரைடே. பெட்டிக்குள் அடங்கிவிடும், அந்தப் பெட்டியையே சக்கரம் மாட்டி இழுவண்டியாக்கிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். முதல் சைக்கிளுக்கு இவ்வளவு தேவையில்லை. டேஹோன், டெர்ன் போன்ற நிறுவனங்களின் மடக்கு சைக்கிள்களில் எட்டு கியர் உள்ள 20 அங்குலம் ஒன்று போதும், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

பழையது வாங்கினால் கீலைச் சுற்றியுள்ள வெல்டிங்கை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் வேண்டாம். பயணத்தில் தினமும் காலையில், சட்டத்தின் நடுவிலும் ஹேண்டில் கம்பின் அடியிலும் உள்ள இரண்டு கீல்களின் பூட்டையும் கையால் அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். சீட் கம்பில் உங்கள் உயரத்துக்கு ஒரு கோடு போட்டுவையுங்கள். மணல் ஒட்டியிருந்தால் கம்பு மெல்ல இறங்கும், நாள் முழுவதும் மிதித்த பிறகு முழங்கால் வலிக்கும்போதுதான் தெரியவரும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, சாதாரண சைக்கிளிலேயே போகலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஓர் ஆடி மாதம் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பணகுடியிலேயே என்னை நிறுத்திவிட்டது. முப்பந்தல் காற்றாலைகள் அவ்வளவு நெருக்கமாக நிற்பது ஏன் என்று அன்று உடம்பால் புரிந்தது. சைக்கிளை மடித்துப் பையில் போட்டு, பஸ் ஏறி, லக்கேஜ் டிக்கெட் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் நாகர்கோவில் போய்விட்டேன். பெரிய சைக்கிளாக இருந்திருந்தால் மேற்கூரையில் ஏற்ற யாரைக் கெஞ்சியிருப்பேனோ தெரியாது. ரயிலிலும் அப்படித்தான், பார்சல் அலுவலகத்தில் ஒப்படைக்காமல் கூடவே கொண்டுபோயிருக்கிறேன். உறையில்லாமல் மட்டும் ஏற்றாதீர்கள். செயின் கறை அடுத்தவர் உடையில் படும், பரிசோதகரும் கேள்வி கேட்பார்.

முதல் பயணத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம், முத்துப்பேட்டை, தொண்டி வழியாக இராமேஸ்வரம் போகும் கடற்கரைச் சாலையையே சொல்வேன். மேடே கிடையாது. தை மாதத்தில் கிளம்பினால் வாடைக்காற்று பெரும்பாலும் முதுகுப்பக்கமிருந்து வீசும். நாகை வரை ரயிலில் போய், இராமேஸ்வரத்திலிருந்து ரயிலிலேயே திரும்பிவிடலாம். நான்கு நாள் ஒதுக்குங்கள். உதிரி டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், கைப்பம்பு, கீல்களுக்குச் சேரும் ஆலன் சாவி இவை இருந்தால் போதும். மற்ற எல்லாம் வழியில் கிடைக்கும்.