நாள் முழுவதும் எந்திரம்போல் ஓடுகிறது. நிகழ்காலத்தில் வாழ்வது எப்படி?

கதவைப் பூட்டினோமா என்பதே நினைவில் இல்லை என்கிறீர்கள். இது நோயல்ல. திரும்பத் திரும்பச் செய்வதை மூளை பழக்கமாக்கிக்கொள்கிறது. அதனால் அந்த வேலையிலிருந்து விடுபடும் கவனம் எங்கோ அலைகிறது. 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பேரை ஐபோன் செயலி வழியே ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 47 சதவீத நேரம் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலையில் மனம் இல்லை. அலையும்போது மகிழ்ச்சியும் குறைந்திருந்தது.

பழக்கங்களை ஒழிக்க முயலாதீர்கள், அவை இல்லாமல் எந்த வேலையும் ஓடாது. ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள். கை கழுவுவது போதும்: நீரின் குளிர்ச்சி, சோப்பின் வழுவழுப்பு, விரல்களின் அசைவு. மனம் நழுவும், நிச்சயம் நழுவும். நழுவியதைக் கண்டுகொண்டு திரும்புவதுதான் பயிற்சியே. பலர் இந்த இடத்தில்தான் தமக்கு வராது என்று விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. கதவைப் பூட்டும்போது ‘பூட்டுகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.