கிணற்றுக்கல்லில் சிப்பி, ஆதிமனிதர் எங்கே?

அன்பின் ஐயா,

எங்கள் வளவில் கிணற்றை ஆழமாக்கியபோது வெட்டியெடுத்த சுண்ணக்கல்லில் சிப்பிகளின் அச்சுக்கள் தெளிவாகத் தெரிந்தன. இலங்கையின் தெற்கில் பாகியங்கல குகையில் ஆதிமனித எலும்புகள் கிடைத்திருக்க, வடக்கில் அவ்வாறு எதுவும் அகப்படவில்லையே. அக்காலத்தில் இங்கு மனிதர் வாழவில்லை என்று கொள்ளலாமா?

வாசகர், புன்னாலைக்கட்டுவன்

அன்பின் நண்பருக்கு,

அவ்வாறு கொள்ள முடியாது. உங்கள் கிணற்றுக்கல் மயோசீன் காலத்தில், அதாவது 230 இலட்சம் முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, ஆழங்குறைந்த கடலின் அடியில் படிந்தது. மனிதக் கூர்ப்பில் சிம்பன்சியின் கிளையும் எமது கிளையும் பிரிந்ததே ஏறத்தாழ 60 - 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான், அதுவும் ஆபிரிக்காவில். எமது மனித இனத்தினுடையவை எனக் கருதப்படும் மிகப் பழைய எலும்புகள் மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூட்டில் கிடைத்தவை. அவற்றின் வயது சுமார் 3 இலட்சம் ஆண்டுகள். ஆகவே அந்தக் கல்லை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டினாலும் மனித எலும்பு அகப்படாது.

பாகியங்கல போன்ற குகைகள் கூரையுள்ள பேழைகளாக இருந்ததால்தான் அங்கு அத்தனையும் எஞ்சின. அங்கே சுமார் 48,000 ஆண்டுப் பழைமையான மண்படைகளிலிருந்து எலும்பைத் தீட்டிக் கூராக்கிய சிறு முனைகள் வந்தன. எதிலோ வேகமாக மோதியதால் ஏற்பட்ட உடைவுகள் அவற்றில் காணப்படுவதால், அவை அம்பு முனைகள் என்று ஆய்வாளர் 2020இல் முடிவு செய்தனர். மரத்துக்கு மரம் தாவும் குரங்குகளையும் அணில்களையும் மழைக்காட்டில் வேட்டையாடி வாழ்வது எளிதன்று என்பதை எண்ணினால், அக்குகைவாசிகளின் திறமை எனக்குப் பெருவியப்பைத் தருகிறது. இன்றைய எமது மொழிகள் எல்லாவற்றுக்கும் மிக முந்தியவர்கள் அவர்கள். அவர்களை ஒரு சாராரின் முன்னோராக மட்டும் உரிமை கொண்டாடுவதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

வடக்கில் நிலைமை வேறு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழத்தைத் தாண்டாதது என்பதால், இன்று வள்ளங்கள் ஓடும் அப்பரப்பு அன்று நடந்து கடக்கக்கூடிய சமவெளியாக இருந்தது. அங்கே தங்கியவர்களின் அடுப்புச் சாம்பலும் எலும்புகளும் கடலுக்குள் போய்விட்டன. ஆயினும் மாந்தையில் பழைய துறைமுக நகரின் மண்படைகளுக்கு அடியில் நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. வடக்கிலுள்ள இரணைமடுவின் பெயரால் அழைக்கப்படும் செம்மணல், சரளைப் படிவுகளைத் தெற்கே புந்தலவில் அகழ்ந்தபோது வெளிவந்த கற்கருவிகளின் காலம் சுமார் 125,000 ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

அடுத்த முறை செம்பாட்டு மண்ணை வெட்டும்போது, விளிம்பு கூராகச் செதுக்கப்பட்ட சிறிய வெண்ணிறக் குவாட்ஸ் துண்டுகள் தென்படுகின்றனவா என்று பாருங்கள். சுண்ணக்கல் நிலத்தில் அத்தகைய கல் இயல்பாகக் கிடைப்பதில்லை. யாரோ கொண்டுவந்திருக்க வேண்டும். கண்டால் எடுக்காமல், கிடந்த இடத்திலேயே படம் பிடித்து, பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினருக்கு அறிவியுங்கள்.