கோத்தகிரிச் சரிவு மனையில் வீட்டை எங்கே வைப்பது?

வணக்கம். கோத்தகிரியில் சாலைக்குக் கீழே சரியும் பத்து சென்ட் மனையைச் சமன்செய்து, நடுவில் வீடு கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் நிரப்பி அதன்மேல் பாதி வீட்டை நிறுத்துவதுதான் எனக்கு அச்சம் தருகிறது. வெட்டிய பகுதி உறுதியாக நிற்க, நிரப்பிய பகுதி மழைக்கு மழை அமுங்கி, இரண்டும் சேருமிடத்தில் சுவர் விரிசல் விடும். ஆகவே வீட்டின் நீளப் பக்கத்தைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, சாலை மட்டத்தில் வரவேற்பறையும் அரைத்தளம் கீழே படுக்கையறைகளுமாகப் படிப்படியாக அமைத்து, அடித்தளம் முழுவதையும் நிரப்பப்படாத இயற்கை மண்ணில் இறக்குங்கள். (பள்ளத்தாக்குக் காட்சிக்காக வீட்டை விளிம்புக்குத் தள்ளும் ஆசை எனக்கும் புரிகிறது, வேண்டாம்.) அங்கே வடகிழக்குப் பருவமழை கடுமையானது, 2009 நவம்பர் நிலச்சரிவுகளை நீங்களும் அறிந்திருப்பீர்கள். எனவே மேற்பக்கத்தில் வடிகால் வெட்டி நீரைத் திருப்புவதோடு, தடுப்புச்சுவரில் நீர் வெளியேறும் துளைகளையும் மறவாமல் விடுங்கள்.