முதல் ரிப்போர்ட்டில் ‘எஸ்’, அடுத்ததில் ‘ஆர்’: லேப் தப்பா?

கேள்வி: எனக்கு வயது 46. சிறுநீர்த் தொற்றுக்கு கல்ச்சர் (கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) எடுத்ததில் ஈ.கோலை என்ற கிருமி வந்தது. கொடுத்த மருந்துக்கு நேரே ‘எஸ்’ (கேட்கும்) என்றிருந்தது. 5 நாள் ஒழுங்காகச் சாப்பிட்டேன். இரண்டே வாரத்தில் மறுபடி எரிச்சல், இப்போது அதே மருந்துக்கு ‘ஆர்’ (கேட்காது). எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். லேப் தப்பு செய்திருக்க வாய்ப்பு இல்லாமல் இல்லை, ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதை இல்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கிருமி என்று போட்டிருக்கும், பாருங்கள். அத்தனையையும் சோதிப்பதில்லை. தட்டில் வளர்ந்து நிற்கும் புள்ளிகளில் ஒரே மாதிரி இருக்கும் சிலவற்றைத் தொட்டெடுத்து, அவற்றின் மேல்தான் மருந்தை வைத்துப் பார்ப்பார்கள். பெயர் ஈ.கோலைதான் என்றாலும் உள்ளே இருப்பவை எல்லாம் ஒரே அச்சு இல்லை. பெருகப் பெருக மரபணுவில் சின்னச் சின்ன மாற்றம் வரும், சில நேரம் வேறு வம்சமே கூட வந்து சேர்ந்திருக்கும். ஆயிரத்தில் ஒன்று மருந்துக்கு மசியாததாக இருந்தால் ஊசிமுனையில் அது சிக்காமல் போவது சகஜம். மருந்து மற்றதை அழித்ததும் இடம் காலி, அப்புறம் அது கிடுகிடுவென்று பெருகிவிடும்.

எதிர்ப்பே இல்லாமல் தப்புகிறவையும் உண்டு. 1944-இல் ஜோசப் பிக்கர் என்ற கிருமி ஆய்வாளர், பெனிசிலினில் ஊறியும் சாகாமல் கிடந்த ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமிகளைக் கவனித்தார். அவற்றைத் திரும்ப வளர்த்தால் வந்த கூட்டம் அதே பெனிசிலினுக்குச் செத்தது. சும்மா தூங்கிக்கொண்டிருந்தவை, அவ்வளவுதான்!

‘அப்படியானால் ரெண்டு மூணு மருந்தைச் சேர்த்தே கொடுங்களேன்’ என்று சிலர் கேட்பார்கள். காசநோய்க்கு அப்படித்தான் கொடுக்கிறோம், ஒற்றை மருந்து கொடுத்தால் எதிர்ப்புக் கிருமி தலைதூக்கும் என்று ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பழைய காசநோய் மருந்தின் காலத்திலேயே சூடுபட்டுக் கற்றது அது. சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு வேண்டாம், பக்கவிளைவுதான் மிஞ்சும். ஒரு தொற்றுக்குள் இருக்கும் பல வகைகளை மரபணு வரிசைப்படுத்தலில் பார்க்க இப்போது முடிகிறது, ஆனால் வழக்கமான சிகிச்சையில் அது இன்னும் நுழையவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: மிச்சமிருக்கும் பழைய மாத்திரையைத் தொடாதீர்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரைப் பாருங்கள், இரண்டாவதை வைத்து மருந்தை மாற்றுவார். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை, கல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்க்காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி வந்தால் அன்றைக்கே போங்கள்.