அரை நாள் மலையேற்றம், முழுப் பணம்: கேள்வி-பதில்

கேள்வி: பெங்களூரிலிருந்து ஸ்கந்தகிரிக்கு அரை நாள் குழு மலையேற்றம் என்று ஆளுக்கு 1,299 ரூபாய் வீதம் நான்கு பேருக்குக் கட்டினோம். விடியற்காலை அடிவாரத்தில் போய் நின்றால், வனத்துறை டிக்கெட்டே எடுக்கவில்லை. வேனை நந்தி மலைக்குத் திருப்பிவிட்டார்கள். பணம் கேட்டால் ‘நான்-ரிஃபண்டபிள்’ என்கிறார்கள்.
(வாசகி, கே.ஆர்.புரம்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், சந்தேகமே வேண்டாம். நான்-ரிஃபண்டபிள் என்ற இந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்கள் தூங்கிப்போய் வேனை விட்டிருந்தால் அதைக் காட்டட்டும், நியாயம். விற்றவரே சொன்ன இடத்துக்கு ஏற்றவில்லை என்றால் அது எப்படிச் செல்லும்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. ரசீதில் கெடு எதுவும் போடவில்லை என்றால், குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுவதால்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

விளம்பரம், பணம் போன விவரம், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் எடுத்து வையுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியவில்லை என்றால், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியில், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அடுத்த முறை, வனத்துறை டிக்கெட்டில் உங்கள் பெயரைப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: ‘எல்லாம் அடக்கம்’ என்றார்கள். வாசலில் நுழைவுக் கட்டணம் தனி என்கிறார்கள். சரியா?

பதில்: தப்பு. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் மேலே சொன்ன வழிதான். எடுக்கவில்லை என்றால் கஷ்டம்.

கேள்வி: சாவனதுர்கா ஏறுவதற்காக 4,500 ரூபாய்க்கு ட்ரெக்கிங் ஷூ வாங்கினேன். பாறையில் வழுக்குகிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆழமான பற்கள் கொண்ட கடினமான அடி, மண்ணுக்கும் சேற்றுக்கும் ஆனது. சாவனதுர்காவோ பெரும்பாலும் வழவழப்பான கருங்கல் சரிவு. அங்கே மென்மையான ரப்பரும், பாறையோடு நிறையப் படியும் தட்டையான அடியும்தான் பிடிக்கும். இதே மாதிரி ஒரு ஜோடியை நானும் தள்ளுபடியில் வாங்கி, இப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போட்டுக்கொள்கிறேன். பாறை ஈரமாக இருந்தால் எந்த ஷூவையும் நம்பாதீர்கள்.

கேள்வி: மூன்று வருடம் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த ஷூ, பாதி மலையில் அடி கழன்றுவிட்டது. நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் சிரமம். பல ஷூக்களின் நடு அடி பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையால் ஆனது. காற்றின் ஈரம் பட்டுப்பட்டு, போடாமல் வைத்திருந்தாலும் அது நொறுங்கும். கிளம்புவதற்கு முந்தின வாரம் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பார்த்து, ஐந்து பேருக்கு 6,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். ரசீது இல்லை, நடத்துபவர் பெயரும் தெரியாது. இப்போது அந்தக் கணக்கே இல்லை.

பதில்: பேர் தெரியாத ஆள் தெருவில் நின்று கேட்டால் 6,000 ரூபாய் கொடுப்பீர்களா? சரி, திட்டி என்ன ஆகப்போகிறது. உடனே 1930-க்கு அழைத்து சைபர் புகார் கொடுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அதைச் செய்திருக்கலாம்.

கேள்வி: வேனில் ‘என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். போடலாமா?

பதில்: போடாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டதாலேயே அவர்களுடைய அலட்சியம் மன்னிக்கப்பட்டுவிடாது. சட்டம் அலட்சியத்தையும் சேவைக் குறைபாட்டில்தான் சேர்க்கிறது. தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், செல்ஃபிக்காக நீங்களே விளிம்புக்குப் போய் விழுந்தால் என்னிடம் வராதீர்கள்.

கேள்வி: கைத்தடி வாங்கலாமா?

பதில்: செங்குத்துப் பாறைக்கு இரண்டு கையும் வேண்டும். வேண்டாம்.